பாண், போறணை, குருவாசான்

பாரிஸுக்குப் போகும் நண்பர்கள் என்னிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். லாச்சப்பலில் எந்தக் கடையில் நல்ல இடியப்பம் கிடைக்கும் என்பது ஒன்று. அந்தப் பெருநகரத்திலேயே சிறந்த குருவாசான் எங்கே கிடைக்கும் என்பது மற்றையது. முதற் கேள்விக்கான விடை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. இரண்டாவதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. ஆனால் அதைச் சொல்ல நான் சரவணையைச் சுற்றித்தான் பாரிஸுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னர், நெடுங்காலமாக மனதை உறுத்தும் ஒரு பிழையையும் திருத்தியாக வேண்டும்.

குருவாசான் என்று பிரெஞ்சு ஒலியை ஒட்டி எழுதுகிறேன். ஆங்கிலம் வழியாக அறிந்தோர் குரோசான்ட் என்பர். வளர்பிறை என்பது அச்சொல்லின் பொருள்.

பிழை இதுதான். எழுபதுகளின் இறுதியில் நான் பணிபுரிந்த நாளிதழின் ஞாயிறு பதிப்பில் ஒரு துணுக்குப் பத்தி வந்துகொண்டிருந்தது. விளம்பரம் குறைந்த வாரங்களில் இடம் நிரப்புவதே அதன் பணி. அதில் நான் எழுதினேன்: 1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது இரவிரவாகச் சுரங்கம் தோண்டினர், விடிவதற்கு முன்பே விழித்திருந்த ரொட்டிக்காரர்கள் நிலத்தடியில் சத்தம் கேட்டுக் காவலரை உசுப்பினர், நகரம் காப்பாற்றப்பட்டது, அந்த வெற்றியின் நினைவாகத் துருக்கியக் கொடியின் பிறை வடிவில் ரொட்டி சுட்டனர், பின்னர் இளவரசி மரி அந்துவானெத் அதனைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றார். ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் கண்டதை அப்படியே தமிழாக்கினேன். வாசகர் எவரும் மறுத்து எழுதவில்லை. அதனாலேயே அது இன்னும் உறுத்துகிறது.

அது கட்டுக்கதை. வியன்னாவில் கிப்ஃபெர்ல் எனப்படும் பிறை வடிவப் பணிஸ், அந்த முற்றுகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே உண்ணப்பட்டு வந்தது. 1770இல் மணமகளாகப் பிரான்சுக்கு வந்த இளவரசி அதைக் கொண்டுவந்தார் என்பதற்கு அவர் காலத்து ஆவணச் சான்று கிடையாது.

உண்மைக் கதையில் வருபவர் ஓகஸ்ட் சாங் என்ற ஒஸ்திரியர். 1807இல் பிறந்தவர், பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1830களின் இறுதியில் பாரிஸுக்கு வந்து, ரிஷ்லியூ வீதியின் 92ஆம் இலக்கத்தில் வியன்னா பாணியிலான வெதுப்பகம் ஒன்றைத் திறந்தார். நீராவியைப் பயன்படுத்தும் அடுப்பில், மேற்பக்கம் மினுங்க அவர் சுட்டெடுத்த பணிஸ் வகைகளைப் பாரிஸ் மக்கள் விரும்பி வாங்கினர். ஏனைய ரொட்டிக்காரர்களும் அவரைப் பின்பற்றினர். குருவாசான் முதலிய பண்டங்களுக்குப் பிரெஞ்சு மொழியில் இன்றும் வியன்னாப் பண்டங்கள் என்ற பொருள் தரும் பெயரே வழங்குகிறது.

சாங் அத்தோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி நான் இவ்வளவு ஆசையோடு எழுதியிருக்க மாட்டேன். 1848இல் ஐரோப்பாவெங்கும் புரட்சி மூண்டது. வியன்னாவில் தணிக்கை தளர்ந்தது. சாங் ஊர் திரும்பி அவ்வாண்டு யூலை 3ஆம் திகதி 'டி பிரெஸ்ஸ' என்ற நாளிதழைத் தொடங்கினார். எமில் த ஜிரார்தன் 1836இல் பாரிஸில் ஆரம்பித்த 'லா பிரெஸ்' அவருக்கு முன்மாதிரி: குறைந்த விலை, விளம்பர வருமானம், தொடர்கதை. நாங்கள் மாதச் சம்பளம் வாங்கியதும் இதே சூத்திரத்தில்தான். 1864இல் அவருடைய ஆசிரியர் பீடத்தினர் பிரிந்து சென்று வேறொரு பத்திரிகை நடத்தினர் என்று படித்தபோது சிரித்துக்கொண்டேன். அக்காட்சியை நான் இருமுறை நேரிலே கண்டிருக்கிறேன்.

ஆனால் சாங் விற்ற கிப்ஃபெர்ல் வேறு, இன்று நாம் உண்ணும் குருவாசான் வேறு. முன்னையது ஏறத்தாழ ஒரு பணிஸ். புளித்த மாவுக்குள் வெண்ணெயை வைத்து மடித்து மடித்து ஏடுகளாக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சுச் சமையல் நூல்களில் இடம்பெறத் தொடங்கியது. வியன்னாவின் வடிவத்தைப் பாரிஸின் ரொட்டிக்காரர்கள் தம்முடைய கைவேலையால் வேறொன்றாக மாற்றினர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இன்று பாரிஸின் வெதுப்பகங்களில் அதே மடிப்பை மடித்துக்கொண்டிருக்கும் கைகளுள் எங்கள் தீவுகளின் கைகளும் உண்டு. ஆகவே இனிச் சரவணைக்கு வருவோம்.

சரவணை, வேலணைத் தீவில் வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் இருக்கும் ஊர். பனையும் புகையிலைத் தோட்டமும் உவர்க் காற்றும் நல்ல தண்ணீருக்கான நடையும் அங்கு பிறந்த எவருக்கும் நினைவிலிருக்கும். கோதுமை விளையும் மண் அல்ல அது. இலங்கையில் எங்குமே கோதுமை விளைவதில்லை. எங்கள் வீட்டில் ஒடியற் பிட்டும் கூழும் குரக்கனும் அன்றாட உணவு. பாண் காய்ச்சல்காரரின் உணவாகவும் விருந்தாளிக்கான உணவாகவும் இருந்தது. வேலணைப் பக்கமிருந்து சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி கட்டி ஒருவர் கொண்டுவருவார். ஒரு இறாத்தல் பாணை நூலால் அறுத்துப் பாதியாக்கித் தருவார்.

அந்தப் பாண் என்ற சொல் எங்கள் நாவுக்கு வந்து நான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. அவர்கள் யானைகளைக் கப்பலேற்றிய துறையைத் தம் மொழியில் 'கயிஸ்', அதாவது கப்பல் அணையும் துறை, என்றனர். அதுவே பின்னர் ஊர்காவற்றுறைக்கு 'காய்ட்ஸ்' என்ற பெயராயிற்று. 1658இல் ஒல்லாந்தர் வந்து வேலணைத் தீவுக்குத் தங்கள் நகரமான லைடனின் பெயரைச் சூட்டினர். லைடன் என்ற பெயர் ஏடுகளில் கிடந்தது. போர்த்துக்கேயரின் சொற்களோ அடுப்படி வரை போய் அங்கேயே தங்கிவிட்டன.

முதன்முறை பாரிஸில் இறங்கியபோது எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அது பிழை என்பதை இரண்டு நாட்களில் கண்டுகொண்டேன். போர்த்துக்கேயமும் பிரெஞ்சும் இலத்தீனின் பிள்ளைகள். நாம் பாண் என்பதைப் பிரெஞ்சுக்காரர் மூக்கால் 'பேன்' என்கின்றனர். நமது குசினி அவர்களுக்குக் 'குயிசின்'. அலுமாரி அங்கே 'ஆர்முவார்'. வாங்கு 'பான்', கள்ளுத் தவறணை 'தவெர்ன்'. சேன் நதியின் கரையோரத் தெருக்கள் பலவற்றின் பெயரில் 'கே' என்று ஒரு சொல் நிற்கிறது. அது எங்கள் காய்ட்ஸின் உடன்பிறப்பு. பேக்கரி அடுப்பை யாழ்ப்பாணத்தார் போறணை என்பர்; அதன் மூலம் போர்த்துக்கேயரின் 'ஃபோர்னு'. பிரெஞ்சு வெதுப்பகத்தில் மாப் பிசைந்து சுடும் அறைக்கு 'ஃபுர்னில்' என்று பெயர். இரண்டும் ஒரே இலத்தீன் வேர். பிற்காலத்தில் வன்னியில் தூய தமிழ்ப் பெயர் சூட்டும் முயற்சியில் பேக்கரி வெதுப்பகம் ஆயிற்று. அச்சொல் நிலைத்தது, நானும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். பாணுக்கும் வெதுப்பி என்று பெயரிட்டனர். கடைக்குப் போய்ப் "பாண் இருக்கோ" என்று கேட்பதை மட்டும் எவராலும் மாற்ற முடியவில்லை.

பாண் அன்றாட உணவானது என் தலைமுறையில்தான். அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவை எங்கள் தாய்மார் 'அமெரிக்கன் மா' என்றே அழைத்தனர். எழுபதுகளின் தட்டுப்பாட்டுக் காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்குப் பாண் வரிசையில் நின்றவர்கள் இன்று அறுபது, எழுபது வயதினர்; இதை வாசிப்போருள்ளும் இருப்பர். 1980இல் திருகோணமலையில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கிய பின் மாவுக்குப் பஞ்சமில்லை என்றாயிற்று. தீவுப்பகுதியார் அப்போது தென்னிலங்கை நகரங்களிலெல்லாம் கடை வைத்திருந்தனர். 1958, 1977, 1983 என ஒவ்வொரு கலவரத்திலும் எரிந்தவற்றுள் அக்கடைகளும் அடங்கும்.

பிறகு 1990 ஓகஸ்ட். தீவுப்பகுதியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியதும் வேலணைத் தீவின் மக்கள் கையிலகப்பட்டதோடு யாழ்ப்பாணப் பெருநிலத்துக்கு ஓடினர். என் தங்கையின் குடும்பமும் ஓடியது. அவளுடைய மூத்தவனுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. வலிகாமத்தில் ஒரு பேக்கரியில் சேர்த்துவிட்டார்கள். பொருளாதாரத் தடைக் காலம், மின்சாரம் கிடையாது. மா வந்தால் பாண், வராவிட்டால் இல்லை. கையால் பிசைந்து விறகுப் போறணையில் சுட்டனர். சீனி கிடைத்த நாட்களில் கிம்புலா பணிஸும் போடுவார்களாம். சிங்களத்தில் முதலை என்று பொருள்படும் அந்தப் பணிஸை அறியாதவர்க்காகச் சொல்கிறேன்: மாவை முக்கோணமாக வெட்டி, அகன்ற பக்கத்திலிருந்து கூர்முனை நோக்கி உருட்டி, மேலே சீனி தூவிச் சுடுவது. குருவாசானை உருட்டும் முறையும் அதுவே. பதினாறு வயதில் தன் கை எதைப் பழகுகிறது என்று அவனுக்குத் தெரியாது.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அவன் 1997இல் பாரிஸ் வந்து சேர்ந்தான். வழியைப் பற்றி அவன் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

பாரிஸுக்கும் எங்கள் தீவுக்கும் உள்ள உறவு அகதிகளோடு தொடங்கியதன்று. கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று வளர்த்த உலகத் தமிழாராய்ச்சி மாநாடு, 1970இல் மூன்றாம் முறையாகக் கூடியது பாரிஸில்தான். அறிஞர்கள் விமானத்தில் வந்து கட்டுரை படித்துவிட்டுப் போயினர். எண்பதுகளில் வந்தவர்களுக்குப் பாரிஸ் பின்வாசல் வழியாகவே அறிமுகமாயிற்று. உணவகக் குசினியில் கோப்பை கழுவுவதே பெரும்பாலோரின் முதல் வேலை. ஜோர்ஜ் ஓர்வெல் பாரிஸில் அதே வேலை செய்து, அந்த அனுபவத்தை 1933இல் நூலாக வெளியிட்டார். எங்கள் அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தியும் பாரிஸில் கூலி வேலைகள் பல பார்த்தவர். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' படத்தின் நாயகன் அவர். ஓர்வெல் அனுபவத்துக்குப் பின் ஊர் திரும்ப முடிந்தது. எங்களவர்க்குக் கழுவுதொட்டியிலிருந்து வெட்டுப்பலகைக்கும், அங்கிருந்து அடுப்புக்கும் நகர்வதே முன்னேற்றம். சிலர் அந்த வழியில் வெதுப்பகங்களுக்குள் நுழைந்தனர். விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து வேலைக்குப் போக உள்ளூர் இளைஞர் தயங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

என் மருமகன் இன்று பாரிஸின் புறநகரொன்றில், மாவை மடித்து ஏடாக்கும் பிரிவில் வேலை செய்கிறான். அதற்கெனத் தனிப் பெயருள்ள தொழிலாளி அவன். சென்ற முறை போனபோது, முதலாளியிடம் அனுமதி பெற்று ஓரிரவு என்னை ஃபுர்னிலுக்குள் அழைத்துச் சென்றான். முந்தின நாளே பிசைந்து குளிரில் வைத்த மாவை எடுத்தான். வெண்ணெயைச் சதுரப் பலகையாகத் தட்டி மாவுக்குள் பொதிந்தான். நீட்டினான், மூன்றாக மடித்தான், குளிரூட்டியில் வைத்தான். இவ்வாறு மூன்று முறை. மும்மூன்றாக மூன்று மடிப்பு என்றால் இருபத்தேழு வெண்ணெய் ஏடுகள்.

"மாவும் பட்டரும் ஒரே குளிரிலை இருக்கோணும் மாமா. பட்டர் கூடக் குளிர்ந்தால் உள்ளுக்கை உடையும். இளகினால் மாவோடை சேர்ந்து பணிஸாப் போயிடும்."

உருட்டியவற்றைப் பொங்க வைக்கும் பெட்டியின் வெப்பமானியை அடிக்கடி பார்த்தான். இருபத்தேழு பாகையைத் தாண்டவிடக் கூடாது என்றான். மா பொங்கச் சூடு வேண்டும். வெண்ணெய் உருகாதிருக்கச் சூடு ஆகாது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய வழியில்தான் குருவாசான் பிறக்கிறது.

இனி, என்னிடம் கேட்டவர்களுக்கான விடை. 1998 மே மாதச் சட்டத்தின்படி, பாணை அங்கேயே பிசைந்து சுடாத கடை 'பூலாஞ்சரி' என்று பலகை மாட்ட முடியாது. 1993இன் ஆணையொன்று மரபுப் பாணை உறைய வைக்கவும் கூட்டுப்பொருள் சேர்க்கவும் தடை விதிக்கிறது. இவ்விரண்டும் பாணுக்கு மட்டுமே. குருவாசானுக்கு அத்தகைய காவல் இல்லை. தொழிற்சாலையில் உருட்டி உறைய வைத்ததைப் பெட்டியாக வாங்கிச் சுட்டு விற்கலாம். பல கடைகள் அதையே செய்கின்றன. ஆகவே பலகையை நம்பாதீர்கள். இங்கேயே செய்ததா என்று கேளுங்கள். வெண்ணெய்க் குருவாசானா என்றும் கேளுங்கள். பாரிஸின் வழக்கப்படி வெண்ணெயில் செய்தது நேராகவும் மாஜரினில் செய்தது பிறையாக வளைந்தும் இருக்கும். வளர்பிறை என்று பெயர் வைத்துவிட்டு, நல்லதை நேராக விற்பது அவர்கள் வேடிக்கை. ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். குறுக்கே வெட்டினால் தேன்கூடுபோல் கண்ணறைகள் தெரிய வேண்டும். அடிப்பக்கம் பொன்னிறமாயிருக்க வேண்டும். கடித்தால் சட்டையெல்லாம் பொருக்கு விழ வேண்டும்; விழாவிட்டால் அது பணிஸ்.

எனக்குக் கிடைத்தவற்றுள் சிறந்தது அன்று காலை ஐந்தரை மணிக்கு அந்த ஃபுர்னிலில் நின்றபடி தின்றது. கடையின் பெயரை எழுத மருமகன் சம்மதிக்கவில்லை. வட்டாரப் போட்டியொன்றில் அக்கடையின் குருவாசானுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சட்டம் போட்ட சான்றிதழ் முன்பக்கம் காசாளர் தலைக்கு மேலே தொங்குகிறது; அதிலே முதலாளியின் பெயர்.

"உன்ரை பெயரைப் போடச் சொல்லிக் கேட்கயில்லையோ?" என்றேன்.

"கடைக்குத்தானே மாமா பரிசு," என்றான். சிறிது நேரம் மாவை உருட்டினான். பின்பு கையைத் துடைத்துவிட்டு, "இதைப் பாருங்கோ" என்று ஓர் அலுமாரிக் கதவைத் திறந்தான். கதவின் உட்பக்கத்தில், மா படிந்த ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. 2023 மே மாதத்தது. படத்திலிருந்தவர் தர்ஷன் செல்வராஜா.

அச்செய்தியைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2006இல் இலங்கையிலிருந்து பிரான்சுக்கு வந்த தமிழர் அவர். பாரிஸ் 20ஆம் வட்டாரத்தில், பிரனே வீதியில் அவருடைய கடை. பாரிஸ் மாநகரம் 1994 முதல் நடத்தும் சிறந்த மரபுப் பகெத் போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். 4,000 யூரோ பரிசு. ஓராண்டுக்கு சனாதிபதி மாளிகைக்குப் பாண் வழங்கும் உரிமை. 2024இல் ஒலிம்பிக் சுடரையும் ஏந்தி ஓடினார். பகெத்துக்கும் குருவாசானுக்கும் கைவேலை வேறு. ஆயினும் அச்செய்தி அந்தக் கதவின் பின்னால் ஒட்டப்பட்டிருந்த காரணத்தை நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அப்போட்டியில் நடுவர் முன் வைக்கப்படும் பகெத்துகளில் பெயர் இருப்பதில்லை. இலக்கம் மட்டுமே இருக்கும். அதை மருமகன்தான் எனக்கு விளக்கினான், இரண்டு தடவை.

அங்கிருந்து திரும்பிய சில மாதங்களில் சரவணைக்குப் போயிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் கூரையில்லாத வீடுகள் இன்னும் நிற்கின்றன. திண்ணையொன்றில் உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் பீத்தோவனின் 'எலீசுக்காக' கேட்டது. பாண் கொண்டுவரும் முச்சக்கர வண்டி. இலங்கை முழுவதும் அவ்வண்டிகளின் அடையாளம் அந்த இசைதான். 1810இல் வியன்னாவில் எழுதப்பட்டது. ஓகஸ்ட் சாங் அப்போது சிறு குழந்தை.

வண்டியை மறித்து ஒரு கிம்புலா பணிஸ் வாங்கினேன். படமெடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். பாரிஸில் அது அவன் வேலைக்கு எழும்பும் நேரம். உடனே பதில் வந்தது: "அடி கருகிப் போச்சு மாமா. போறணைச் சூடு கூட."